வழிவிட்ட குழாய்

மன்னார்க் கரையிலே தமிழாசிரியனாகப் பணிபுரியும் யான் நம் கல்லூரி மலருக்கு எழுதப் புகுந்தது, என் மைந்தன் எனக்குக் கற்பித்த பாடமொன்றையே.

குறைமாதத்திற் பிறந்த அவனது கண்ணைச் சோதித்த வைத்தியர், “வில்லைக்குப் பின்னே நூலிழைபோலக் குருதிக்குழாயொன்று எஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் தானே மறைந்துவிடும், பொறுத்திருங்கள், மாஸ்ரர்” என்றார்.

கருவிலே கண் உருவாகும்போது வில்லைக்கு உணவூட்டுவது அக்குழாயே. நாலாம் மாதமளவில் அது தேயத் தொடங்கும். விழுங்கிக் கலங்கள் அதன் சுவரை மடிவித்து அகற்றும். ஏழாம் மாதமளவிற் குருதியோட்டம் நிற்கும். பின்னர் வில்லையைப் பேணுவது கண்ணுள் ஊறும் தெளிநீர். விலகாது நிலைத்தாலோ, ஊட்டிய குழாயே ஒளியை மறைத்துப் பார்வையைக் கெடுத்துவிடும்.

சில கிழமைகள் உறக்கமின்றிக் கழிந்தன. 2022 ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட திருக்கேதீச்சரத்தை நினைத்துக்கொண்டேன். திருப்பணி முடிந்த பின்னும் சாரம் நின்றாற் கோபுரந் தோன்றுமோ?

மறுமுறை சோதித்தபோது இழை மறைந்திருந்தது. மைந்தன் விளக்கை நோக்கினான்.

பொழிப்பெழுதிக் கொடுத்தே மாணவரை வளர்த்த யான், இப்போது செய்யுளை அவர்கள் கையிற் கொடுத்துவிட்டுச் சற்று ஒதுங்கி நிற்கின்றேன்.