கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்



அலாஸ்காவில் உள்ள நோம் என்ற ஊரைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1925-ல் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது நாய்வண்டிகளில் மருந்து போய்ச் சேர்ந்த ஊர். இன்றும் அங்கே வெளியிலிருந்து போகச் சாலை கிடையாது. குளிர்காலத்துக்கான எண்ணெய், கடல் உறைவதற்குள் வந்துவிட வேண்டும்.

2011 நவம்பரில் அடித்த பெரும்புயலால் அந்த எண்ணெய் வரவில்லை. கடலும் உறைந்துவிட்டது. பனியைத் தாங்கக்கூடிய ரெண்டா என்ற ரஷ்யக் கப்பலை அமர்த்தினார்கள். தென் கொரியாவில் டீசல் ஏற்றத் தடையில்லை. பெட்ரோலை அலாஸ்காவிலேயே உள்ள டச்சு ஹார்பரில் ஏற்ற வேண்டிவந்தபோதுதான் சட்டம் குறுக்கே வந்தது. 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி, ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும்.

சட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். சொந்தக் கப்பலும் மாலுமிகளும் இல்லாத நாடு போர்க்காலத்தில் தவித்துப்போகும். ஆனாலும் நோம் மக்கள் என்ன செய்வார்கள்? அரசு விலக்கு அளித்தது. ஹீலி என்ற காவல்படைக் கப்பல் பனியை உடைத்து வழிவிட, 2012 ஜனவரியில் ரெண்டா போய்ச் சேர்ந்தது. பனிமேல் குழாய் போட்டுச் சுமார் 13 லட்சம் காலன் எண்ணெயை இறக்கினார்கள்.

அதோடு முடியவில்லை. 2022-ல் ஃபியோனா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோ தீவில் மின்சாரம் இல்லை. டீசல் கப்பலோ விலக்குக்காகக் கரைக்கு வெளியே காத்துக் கிடந்தது.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பதரைக்கு மேல் பள்ளி கேட்டைத் திறக்கக் கூடாது என்று விதி போட்டவன் நான். ஒருநாள் நல்ல மழை. காலாண்டுக் கணக்குத் தேர்வு. ஒரே பஸ்ஸை நம்பி வரும் ஒரு மாணவி பத்து நிமிடம் தாமதம். வெளியே நனைந்தபடி நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் அவள் அப்பா கேட்டார்: "பஸ்ஸை அவளா சார் ஓட்டுறா?"

அதன் பிறகு, கடிதம் கொண்டுவந்தால் உள்ளே விடச் சொன்னேன். அதைப் பெருந்தன்மை என்றே நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவளைக் கெஞ்ச வைத்தது இப்போதுதான் உறைக்கிறது. விதி போட்ட அன்றே கடைசி ஊர்ப் பிள்ளையை நான் நினைத்திருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். அவளை மறந்துவிடாதீர்கள்.

அவளே இதைப் படித்தால், மன்னித்துவிடு அம்மா.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்