கரை சேராத அறுவர்

மீட்பு வரலாறுகளைப் படிக்குந்தோறும், மீண்டவர்களை எண்ணி மகிழ்வதோடு என் மனம் நின்றுவிடுவதில்லை. மீளாதவர் எத்தனை பேர் என்று தேடத் தொடங்கிவிடுகிறது. மேற்கு வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்க விபத்தைப் பற்றிப் படித்தபோதும் அவ்வாறே நேர்ந்தது.

1989 நவம்பர் 13-ஆம் நாள் மகாபீர் சுரங்கத்தில் நிலக்கரியைப் பிளக்க வெடி வைத்தனர். பழைய குழிகளில் தேங்கிக் கிடந்த நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பலர் விரைந்து மேலேறித் தப்பினர். 71 பேர் சிக்கிக்கொண்டனர். அவருள் அறுவரை வெள்ளம் கொண்டுபோயிற்று.

எஞ்சிய 65 பேரை மீட்கச் சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் ஒரு வழி கண்டார். மேலிருந்து நேரே துளையிட்டு, ஓர் ஆள் நிற்குமளவே இடமுள்ள எஃகுக் கூண்டை அதன் வழியே இறக்குவது என்பதே அது. அக்கூண்டு அவசர அவசரமாகச் செய்விக்கப்பட்டது. அதில் ஏறி, உள்ளிருந்தோரை மீட்கக் கீழே இறங்கியவரும் அவரே. நவம்பர் 16 அன்று 65 பேரையும் ஒருவர்பின் ஒருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியாகவே அவர் வெளிவந்தார். 1991-இல் அரசு அவருக்குச் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கியது. 2019-இல் அவர் மறைந்தார்.

அந்த நெஞ்சுரத்தைப் போற்றாதார் யார்? ஆயினும் அந்நீர் அறியாத பகை அன்று. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாதை அடுத்த சாஸ்நாலாச் சுரங்கத்திலும், கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் நீரே உடைத்துப் புகுந்தது. 375 பேர் மாண்டனர். நீரை இறைத்தும், உயிரோடு மீட்க ஒருவரும் எஞ்சவில்லை. அதற்கும் முன்பே, நீர் தேங்கிய பழைய குழிகளுக்கு 60 மீட்டர் தொலைவுக்குள் முன் அனுமதியின்றி வெட்டலாகாது என 1957-ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் கட்டளையிட்டிருந்தன. விதி இருந்தது; படிப்பினையும் இருந்தது. 14 ஆண்டுகள் கழித்து நீர் மீண்டும் வந்தது.

மீட்பவரின் வீரம், காக்கத் தவறியவரின் குறையை மறைக்கும் திரையாகிவிடலாகாது. பழைய குழிகளின் வரைபடத்தைப் பிழையின்றிப் பேணுவதும், வெட்டுமுன் துளையிட்டு நீர் உண்டா எனப் பார்ப்பதும் எவரும் கைதட்டாத பணிகள். அவை ஒழுங்காக நடந்தால் பதக்கம் பெற ஒருவரும் இரார். அழுவதற்கும் ஒரு வீடு இராது.

கூலிக்காகப் பூமிக்கடியில் இறங்குகிறவனின் உயிர், மேலே நிற்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 65 பேர் மீண்டதைச் சொல்லும்போதெல்லாம், அந்த அறுவரையும் சேர்த்தே சொல்வோம்.