கடிகாரம் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது?

மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் தொற்றுநோய்ப் பரவலுக்கு எவ்வாறு ஆயத்தமாகின்றன என்பது என் ஆய்வுப் பொருள். வட இந்திய நகரம் ஒன்றில் தங்கி நான்கு ஆண்டுகளாக இதைப் படித்து வருகிறேன். ஊரில் யாரேனும் கேட்டால், “ஆஸ்பத்திரியில் நாடகம் போடுகிறார்கள், நான் அதைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறேன்” என்று சொல்வேன். வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மையிலிருந்து அது வெகுதொலைவு விலகியதன்று.

இந்த நாடகம் ஏன் தேவை என்பதை விளக்க வகுப்பில் நான் முதலில் எடுத்துக்கொள்வது சிலிகுரியை. 2001இல் அங்கே பரவிய காய்ச்சல் நிப்பா வைரஸால் வந்தது என்பது சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. நோயுற்றவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் மருத்துவமனைப் பணியாளர்கள் அல்லது அங்கே நோயாளியைப் பார்க்கச் சென்றவர்கள். நோயைத் தீர்க்க வேண்டிய கட்டடமே நோயைப் பங்கிட்டுக் கொடுத்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் இதுவே நிகழ்ந்தது. முதல் நோயாளி மருத்துவமனையில் இருந்த சில நாள்களில், ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைக்கூடம் உட்படப் பல இடங்களில் பிறருக்குத் தொற்று பரவியது. பேராம்பரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி உயிரிழந்தார். அந்த முதல் நோயாளியைக் கவனித்தபோது அது நிப்பா என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெயர் தெரியாத நோய் வாசலில் வந்து நிற்கும் முதல் அரைமணி நேரம்தான் என் ஆய்வின் மையம். பெயர் தெரிந்தபின் நெறிமுறைகள் வந்துவிடும், பாதுகாப்பு உடைகள் வந்துவிடும், அமைச்சரும் வந்துவிடுவார்.

நம் நாட்டில் ‘மாக் டிரில்’ என்றால் பெரும்பாலும் வேறொன்றை எண்ணுகிறோம். 2022 டிசம்பர் 27இலும் 2023 ஏப்ரல் 10, 11 ஆகிய நாள்களிலும் கொரோனாவை முன்னிட்டு நாடு முழுவதும் மருத்துவமனைகளில் ஒத்திகை நடந்தது. படுக்கைகள், வென்டிலேட்டர்கள், ஆக்ஸிஜன் ஆலைகள், மருந்து இருப்பு, ஆள்பலம் ஆகியவை சரிபார்க்கப்பட்டன. அது அவசியமான வேலைதான். இரண்டாம் அலையில் ஆக்ஸிஜனுக்காக அலைந்த குடும்பங்கள் அதைக் குறைத்துப் பேசமாட்டார்கள். ஆயினும் அது இருப்புக் கணக்கு. இருக்கும் பொருளை மனிதர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அது காட்டாது. அதைக் காட்டுவது பாவனைப் பயிற்சி: நோயாளி வேடமிட்ட ஒருவர் வழக்கமான பணிநேரத்தில், வழக்கமான வாசல் வழியாக உள்ளே வருவார். என்ன நடக்கிறதோ அது நடக்கட்டும் என்று விட்டுவிட்டு நேரத்தைக் குறிப்பார்கள்.

நியூயார்க் நகரில் 2015 டிசம்பர் முதல் 2016 மே வரை 49 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இத்தகைய 95 ஒத்திகைகள் நடத்தப்பட்டன. தட்டம்மை அல்லது மெர்ஸ் நோய்க்குரிய அறிகுறிகளோடு வேட நோயாளிகள் சென்றார்கள். 78 விழுக்காட்டில் அவர்களுக்கு முகக்கவசம் அளித்துத் தனிமைப்படுத்தினர். கை தூய்மை பேணப்பட்டதோ 36 விழுக்காட்டில் மட்டுமே. இதைவிட என்னை ஈர்த்தது அவர்கள் காலத்தை அளந்த முறை. நோயாளி உள்ளே நுழைந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடியது. நுழைந்ததிலிருந்து தனியறை சேர ஆன இடைநிலை நேரம் எட்டரை நிமிடம். மிக மோசமான ஒத்திகையில் அது 57 நிமிடம்.

சென்ற ஆண்டு, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்த ஒத்திகையில் பார்வையாளராக இருந்தேன். மருத்துவ மாணவர் ஒருவர் நோயாளி. காய்ச்சல், குழம்பிய பேச்சு, சென்ற வாரம் இதே போன்ற காய்ச்சலில் இறந்த உறவினரைக் கவனித்துக்கொண்ட வரலாறு. அவருடைய கைகளிலும் சட்டையிலும் புறஊதா ஒளியில் ஒளிரும் தூளைத் தடவியிருந்தார்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

வாசலில் நின்ற காவலாளி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, பதிவுச் சீட்டு வாங்கும் வரிசைக்குத் தள்ளிச் சென்றார். அதுதான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட வேலை; பரிவோடுதான் செய்தார். அந்த வரிசையில் இருபது நிமிடத்துக்கு மேல் கழிந்தது. அதன்பின் உள்ளே நடந்தது பாராட்டத்தக்கது. முதலில் பார்த்த செவிலியர் இரண்டே கேள்விகளில் ஐயுற்று, முகக்கவசம் கொடுத்து, தனியறைக்கு அனுப்பிவிட்டார்.

விளக்கை அணைத்துப் புறஊதா விளக்கோடு நடந்தபோது மருத்துவர்களின் கைகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பதிவு மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனா ஒளிர்ந்தது. நாற்காலியின் கைப்பிடி ஒளிர்ந்தது. காவலாளியின் வலக்கை மணிக்கட்டு வரை ஒளிர்ந்தது. அவர் குடித்து வைத்த தேநீர்க் குவளையின் விளிம்பும்.

இப்பயிற்சியின் உயிர் அதற்குப் பிந்தைய கலந்துரையாடலில் இருக்கிறது என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட கருத்து. குற்றம் சாட்டாமல், எது நடந்தது, ஏன் நடந்தது என்று பேசவேண்டும். அன்றும் நன்றாகவே பேசினார்கள். உதவிப் பேராசிரியரின் பாதுகாப்பு அங்கி பின்புறம் முடிச்சு அவிழ்ந்திருந்ததைக் கண்டும் சொல்லத் தயங்கியதாக இளம் செவிலியர் ஒருவர் நீண்ட மௌனத்துக்குப் பிறகு சொன்னார். “சொல்லியிருக்கலாமே, சிஸ்டர்” என்றார் பேராசிரியர். “சொன்னால் வழக்கமாக நீங்கள் கோபப்படுவீர்கள், சார்” என்றார் அவர். அறை சிரித்தது, பேராசிரியரும் சிரித்தார். மறுநாள் முதல் உடை அணிந்ததும் ஒருவரையொருவர் சரிபார்ப்பது விதியாயிற்று. எத்தனை சுற்றறிக்கை விட்டாலும் கிட்டாத மாற்றம் அது. பாவனைப் பயிற்சியை நான் நம்புவது இத்தகைய கணங்களுக்காகவே.

ஆனால் அந்த அறையில் காவலாளி இல்லை. வாசலை விட்டு நகரக்கூடாது என்பதால் அவரை அழைக்கவில்லை. அன்று தரையைத் துடைத்த பெண்மணியும் இல்லை. இருவரும் ஒப்பந்தப் பணியாளர்கள். ஒத்திகை அறிக்கையோ, நோயாளி ஆறு நிமிடத்தில் தனிமைப்படுத்தப்பட்டதாகச் சொல்கிறது. பொய்யில்லை. கடிகாரத்தைச் செவிலியரின் மேசையிலிருந்து ஓடவிட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய நேரமும் அந்த வரிசையும் எந்தத் துறைக்கும் உரியவை அல்ல. ஆகவே எந்த அறிக்கைக்கும் உரியவை அல்ல.

பயிற்சிப் பொம்மைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் இப்போது நிதி கிடைக்கிறது, வரவேற்கிறேன். 2024 ஆகஸ்டில் அஜ்மீரில் மனித நலம், கால்நடை, வனவிலங்குத் துறைகளை ஒருங்கே வைத்து ஐந்து நாள் தேசிய ஒத்திகை நடந்ததும் நல்ல திருப்பம். எனினும் சம்பளப் பட்டியலில் இல்லாதவரைப் பயிற்சிப் பட்டியலில் சேர்ப்பதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரியும், பயிற்சி நேரத்துக்கான கூலியும், வாசலில் மாற்றுக்கு நிற்க ஒருவரும் போதும்.

இதை எழுத்தாகக் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் பயிற்சி நேரத்துக்கு இடமில்லை என்று முதலில் பதில் வந்தது. அடுத்த ஒத்திகையில் வாசலிலிருந்து நேரத்தைக் குறிக்கவாவது அனுமதியுங்கள் என்று இரண்டாம் கடிதம் கொடுத்தேன். அது பரிசீலனையில் இருக்கிறது. இதற்கிடையில் அந்தக் காவலாளி வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுவிட்டார். இப்போது வாசலில் நிற்பவருக்கு அந்தத் தூளைப் பற்றித் தெரியாது.