‘ஒரே நேரத்தில்’ என்ற சொல்

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறது என்பர். அது மெய்யானால், பத்து லட்சம் பெட்டிகளுள் ஒன்றில் மட்டும் இருக்கும் பொருளை ஒரே படியில் கண்டெடுத்துவிடலாம். ஆனால் டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற லவ் குரோவர், பெல் ஆய்வகத்திலிருந்து 1996இல் வெளியிட்ட வழிமுறைக்கே சுமார் 785 படிகள் தேவை. வழக்கமான கணினிக்குச் சராசரியாக ஐந்து லட்சம்.

இவ்வேகத்தின் ஊற்று எது? குவாண்டம் கணினி நேரடியாகக் கையாள்வது நிகழ்தகவை அன்று, அலைவீச்சை. அதன் வர்க்கமே நிகழ்தகவு. தொடக்கத்தில் ஒவ்வொரு பெட்டியின் நிகழ்தகவும் பத்து லட்சத்தில் ஒன்று; அலைவீச்சோ ஆயிரத்தில் ஒன்று. முதற்படிகள் ஒவ்வொன்றிலும் உரிய பெட்டியின் அலைவீச்சு ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு கூடுகிறது. எனவே சில நூறு படிகளிலேயே அது முழுமையை நெருங்குகிறது. உரிய படியில் நிறுத்தாவிடில் மீண்டும் தேய்கிறது. அனைத்தையும் ஒருங்கே சோதித்து முடிக்கும் கருவிக்கு இத்தேய்வு நேராது.

கட்டமைப்பற்ற தேடலில் வர்க்கமூல அளவைத் தாண்டிய வேகம் எந்தக் குவாண்டம் வழிமுறைக்கும் கிட்டாது என்று பென்னட், பெர்ன்ஸ்டைன், பிராசார்டு, வசிரானி ஆகிய நால்வரும் நிறுவியுள்ளனர். ‘ஒரே நேரத்தில்’ என்று கேட்டுப் பழகிய மாணவருக்கு இவ்வெல்லை புதிராகவே தோன்றும். அலைவீச்சிலிருந்து தொடங்கும் மாணவருக்கோ வேகமும் அதன் வரம்பும் சேர்ந்தே விளங்கும்.