கல்லான மரமும் கல் பூசிய மரமும்

திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் தரிசனம் தரும் அம்மனைச் சேவித்திருக்கிறீர்களா? பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன்தான் அவள். அங்கே போகும் சகோதரிகள் கட்டுச்சாத மூட்டையை உடனே அவிழ்த்துவிட வேண்டாம். அதே மாவட்டத்துச் சாத்தனூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால், அட, கல்! 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டதாம். 1940-இல் இதைப் பற்றி எழுதி வெளியுலகுக்குத் தெரிவித்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன்.

அந்தப் பழங்கடல் அரியலூருக்கும் ஒரு சீதனம் விட்டுச் சென்றது: சுண்ணாம்புக் கல். அதைக் களிமண்ணோடு அரைத்து, சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வாட்டி, மறுபடி பொடித்தால் சிமெண்ட். நம் வீட்டு மொட்டை மாடியும் கிணற்றடியும் இத்தகைய கல் தந்த வரம்தானே!

ஆனால் வரத்தோடு தூசியும் வருகிறது. அரியலூர்ப் பக்கம் லாரிகள் ஓயாமல் போகும் சாலை ஒன்றில் இறங்கினேன். ஓரத்துப் புளியமரம் சாம்பல் பூசிய சாமியாரைப் போல நின்றது. நிழலில் கடலை விற்ற பாட்டி சிரித்தாள்.

"மழை பெஞ்சாத்தான் தாயி இது பச்சை மரம்!"

ஓர் இலையைத் தடவினேன். விரலில் மாவு ஒட்டிக்கொண்டது. அடியில் ஓடு போல ஒரு படலம், தேய்த்தும் போகவில்லை. இலை மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால். தூசி வெயிலை மறைக்கிறது. பனி ஈரத்தில் குழைந்து, காய்ந்து, துளைகளை அடைத்துவிடுகிறது. மூச்சும் வெயிலும் குறைந்தால் இலைக்குச் சமையல் நடப்பது எப்படி? மரம் அரைப்பட்டினிதான்.

ஐரோப்பாவில் 1980-களில் காடுகள் வாடியபோது பெரும் கவலை எழுந்தது. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் மேகத்தில் அமிலமாகி மழையோடு இறங்கியதை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே புளிப்பு, இங்கே காரம். மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்புக் காரம்! எதுவானாலும் அளவு மீறினால் மண்ணின் குணமே மாறிவிடுகிறது.

மருந்து இல்லாமலில்லை. புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டிகள் உண்டு. லாரிக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாம். சாலைக்குத் தண்ணீர் தெளிக்கலாம். தூசியைத் தடுக்க வேம்பும் புங்கும் நடுவதும் நல்லதுதான். ஆனால் மரத்தை நட்டுவிட்டு மற்றதை மறந்தால், நமக்கு வரவேண்டிய தூசியை அதன் தலையில் கட்டியதாகத்தானே ஆகும்?

பஸ் வந்தது. பாட்டி எழுந்து, கொடியில் காய்ந்த புடவையைப் பட்பட்டென்று உதறினாள். வெள்ளைப் புழுதி பறந்தது.

"நாம உதறிப்பிட்டு உள்ளே போயிடுறோம் தாயி. இந்த மரம் எங்கே போகும்?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?