முடிந்ததெல்லாம் வெற்றியா?

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு முற்றும் எச்சமும் அன்றாடச் சொற்கள். 'வந்து' என்று நிறுத்தினால் மாணவர் மேற்கொண்டு எதையோ எதிர்பார்ப்பர். 'வந்தான்' என்றால் அமைதியுறுவர். ஆயினும் வினை முடிந்தது என்பதைத்தான் முற்று சொல்லும். நன்றாய் முடிந்ததா என்பதைச் சொல்லாது. கணிப்பொறி அறிவியல் துறை நண்பர்களோடு அளவளாவுங்கால், இவ்வேறுபாடு அவர்தம் துறையிலும் பெருஞ்சிக்கல் என்று அறிந்தோம்.

பல இடங்களிலுள்ள தரவுகளை ஒருங்கு திரட்டும் வேலையை அவர்கள் சிறுசிறு பணிகளாகப் பகுத்துக் கோப்பர். கல்வி உதவித்தொகைப் பட்டியல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் ஓரிடத்திலும் வருமான விவரம் வேறோரிடத்திலும் இருக்கும். இவற்றை எடுத்தல், இணைத்தல், வங்கிக்கு அனுப்புதல், இறுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்குதல் என அவ்வேலை நான்கு பணிகளாகும்.

இதற்குப் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று, 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தோன்றிய ஏர்ஃப்ளோ. முந்தைய பணிகள் யாவும் வென்றாலன்றி அடுத்தது தொடங்காது என்பது அதன் இயல்பான விதி. கோப்பு நீக்கமோ எது நேரினும் நடந்தாக வேண்டும். ஆதலின் அதற்கு மட்டும், முன்னவை வென்றாலும் தோற்றாலும் முடிந்தால் போதும் என்று விதியைத் தளர்த்துவர். தவறில்லை. ஆனால் முழு ஓட்டத்தின் முடிவை ஏர்ஃப்ளோ எதைக்கொண்டு கணிக்கிறது? தமக்குப்பின் வேறு பணியில்லாத கடைசிப் பணிகளைக் கொண்டே. அவற்றை 'இலைகள்' என்பர். இணைத்தல் தோற்றது, பட்டியல் வங்கிக்குச் செல்லவேயில்லை, கோப்புகள் மட்டும் செவ்வனே நீங்கின. அந்த ஓர் இலை வென்றதால் ஓட்டம் முழுவதும் பச்சை நிறம் காட்டும்! பொறுப்பாளர் பச்சையைக் கண்டு மனநிறைவோடு வீடு செல்வார். கட்டணம் செலுத்தக் கடைசி நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஏழை மாணவிக்கு யார் விடை சொல்வது?

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு எம்மைப் பெரிதும் கவர்ந்தது. 'காவற்பணி' என நாம் அழைக்கத்தக்க ஒரு பணியை எல்லாப் பணிகளோடும் பிணைத்து வைப்பர். எதுவும் தோற்காவிடில் அது இயங்காது ஒதுங்கிக்கொள்ளும். ஏதேனும் ஒன்று தோற்றால் எழுந்து, தானும் தோற்று, ஓட்டத்தையே தோல்வியென அறிவிக்கும். தோற்பதற்கென்றே ஒரு பணி! 2023இல் வந்த 2.7 பதிப்பிலோ, இத்தகைய துப்புரவுப் பணிகளைத் தனியே குறித்து, முடிவுக் கணிப்பில் சேர்க்காமல் விடவும் வழி செய்தனர்.

மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் இன்டெகிரேஷன் சர்வீசஸில் இதனினும் துணிவான ஓர் ஏற்பாடு உண்டு. உள்ளே என்ன நிகழ்ந்தாலும் ஒரு பணியின் முடிவு 'வெற்றி'யே என முன்கூட்டியே விதித்துவிடலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேடில்லாத பழைய கோப்பை நீக்கும் பணிக்கு அது பொருந்தும். மதிப்பெண்ணை எடுக்கும் பணிக்கு அதை விதிப்பது, எம் கருத்தில், பொய்ச்சான்று எழுதுவதற்கு ஒப்பாகும். அவ்வாறு விதிக்க நேர்ந்தால், காரணத்தை அருகிலேயே ஒரு வரியில் எழுதி வைப்பது நண்பர்களின் வழக்கம். அவர்கள் மாறிச் சென்றபின் அவ்விருக்கைக்கு வருபவர் முதலில் தேடுவது அவ்வரியைத்தானாம்.