எங்கள் வீட்டுப் பல்லி

செல்லப் பிராணி என்றதும் நாயும் பூனையும் கிளியுமே நம் நினைவிற்கு வருகின்றன. பல்லியை அவ்வரிசையில் வைத்து எண்ணுவார் இலர். ஆயினும் எங்கள் இல்லத்தில் ஒரு பல்லியைப் பேண நேர்ந்தது. பேணியவர் என் அன்னையார். பேணத் தெரியாமல் பிழை செய்தவர்கள் நானும் என் மகளும்.

என் பெற்றோர் வண்டிப்பெரியாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்தவர்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலையேறிய குடும்பம் எங்களுடையது. லயத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலை உள்ளவரையில்தான் வீடு. பணி முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தந்தையார் முன்னரே மறைந்துவிட்டார். அன்னையார் ஓய்வு பெற்றதும், நான் ஆசிரியனாக இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு அவரை அழைத்து வந்தேன்.

மலைக்குளிரிலேயே மூத்தவருக்குப் பாலக்காட்டு வெயில் ஒவ்வவில்லை. அது மட்டுமன்று. "வண்டிகள் விரையும் சாலை அம்மா, தனியே போக வேண்டாம்" என்று கூறி, அவர் வாசற்படி தாண்டுவதையே நான் தடுத்து வந்தேன். அன்பினால்தான் தடுத்தேன். ஆனால் நாளுக்கு நாள் அவர் உண்ணும் சோறு குறைந்தது; பேச்சும் குறைந்தது.

அந்நாட்களில் அவருக்குத் துணையாயிருந்தது கூடத்து விளக்கின் அருகே வாழ்ந்த ஒரு பல்லிதான். மாலையில் விளக்கேற்றியதும் அது வெளிவரும். "லயத்திலேயும் இவ இருந்தா" என்பார். அது ஒலித்தால், "கெவுளி நல்லது சொல்லுது" என்று விரலால் தரையைத் தட்டுவார். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குவதை என் மகளுக்குக் கதையாகச் சொன்னார். சங்கச் செய்யுட்களிலும் பல்லியின் ஒலி நிமித்தமாகக் கொள்ளப்பட்டதை நான் எடுத்துரைத்தேன்.

கதை கேட்ட குழந்தைக்குப் பல்லியைத் தனதாக்கிக்கொள்ளும் ஆசை பிறந்தது. ஒருநாள் துடைப்பத்தால் அதைத் தள்ளி, ஊறுகாய்ப் புட்டியில் அடைத்துவிட்டாள். அந்தப் போராட்டத்தில் வால் அறுந்து தரையில் துள்ளியது. மூடியில் துளையிட்டுக் கொடுத்தவன் நான்தான். சோற்றுப் பருக்கை, சர்க்கரை, செத்த ஈ என்று அவள் இட்டவற்றில் எதையும் அது தொடவில்லை.

மூன்றாம் நாள் அன்னையார் பேத்தியை அருகழைத்தார்.

"தாயி, நல்ல சோறு போட்டாலும் அடைச்சு வச்சா உசுரு திங்காது. திறந்து விட்டுரு."

"ஓடிப் போயிடுமே, அப்பத்தா?"

"போகட்டும். பிடிச்ச எடம்னா திரும்பி வரும்."

குழந்தையிடம் சொன்ன அச்சொற்கள் என் நெஞ்சில் தைத்தன. மூன்று நாளாக உண்ணாத பல்லிக்காக இரங்கிய நான், மூன்று திங்களாகச் சரிவர உண்ணாத தாயைக் கண்டும் காணாதிருந்தேனே! அன்று மாலை புட்டியைத் திறந்தோம். மறுநாள் காலை, அன்னையாருடன் கடைத்தெரு வரை நடந்து சென்றேன். அதன்பின் அவர் தனியே போகலானார். கடையிலும் கோயிலிலும் தமிழ் பேசும் முதிய பெண்டிர் பலர் அவருக்குத் தோழியராயினர்.

பிழைக்குக் கழுவாயாகப் பல்லியைப் பற்றிச் சிறிது கற்றேன். அது பெரும்பாலும் அசையும் இரையை வேட்டையாடி உண்பது. செத்த ஈ பொதுவாக அதற்கு உணவாகத் தோன்றாது. வாலில் கொழுப்பைச் சேமித்து வைப்பதால், வாலிழப்பது அதற்குப் பெரும் நட்டம். புதுவால் முளைக்கும், ஆனால் அதனுள் எலும்புக்கு மாறாகக் குருத்தெலும்பே இருக்கும். வீட்டுப் பல்லிக்கு இமையில்லை. நாவினால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அதன் விரலடியில் உள்ள நுண்மயிர்கள் சுவரின் மூலக்கூறுகளோடு கொள்ளும் மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்குகிறது என்று 2002-ஆம் ஆண்டில் அறிவியலார் நிறுவினர். இடுக்கி மாவட்டத்து ஆனைமுடிப் பகுதியிலிருந்து 2018-ஆம் ஆண்டில் ஒரு புதிய பல்லியினம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அத்தகைய மலைப் பல்லிகள் சில தத்தம் மலையை விட்டு வேறெங்கும் காணப்படுவதில்லை. வீட்டுப் பல்லியோ மனிதரின் சரக்குகளோடு கப்பலேறி, ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் குடியேறிவிட்டது. நம்மைப் போல் அதுவும் புலம்பெயர்ந்த உயிரே!

அதைப் பேணுவது எளிது. பிடிக்கலாகாது, பூச்சிமருந்தை அளவின்றித் தெளிக்கலாகாது, பசைத்தாள் வைக்கலாகாது. நம் வீட்டுப் பல்லிக்கு நஞ்சில்லை. ஆயினும் அதன் எச்சத்தில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். ஆதலின் பாலையும் குழம்பையும் மூடி வைக்க வேண்டும்; பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிட வேண்டும்; எச்சத்தைத் துடைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

சில நாட்கள் கழித்து, வாலற்ற பல்லியொன்று விளக்கருகே தோன்றிற்று. குழந்தை கைகொட்டி ஆர்த்தாள். இப்போது நிறம் சற்று வேறுபட்ட புதுவால் அதற்கு வளர்ந்துவிட்டது. அன்னையாரும் முன்போல் உண்கிறார்.

முதியோரை மலையிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். சோறும் கட்டிலும் கொடுத்துவிட்டோம் என்று அமைந்துவிடாதீர்கள். கதவையும் திறந்து வையுங்கள்.